அம்மா கை

அத்தியாயம் 17

போனில் "வரேங்க்கா" என்று சொல்லி வைத்ததிலிருந்தே சண்முகப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அனுசுயா கேட்டது அப்படியொன்றும் பெரிய காரியம் இல்லை. மகிழினிக்கு ஐந்து வயது நிறையப் போகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். தெருப் பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாக உடையார்பாளையம் வீடு நிறையப் போகிறது. வந்த பிள்ளைகளுக்கு கேக்கை வெட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது, ஆசை தீர விளையாட வேண்டும் என்பது அனுசுயாவின் ஆசை.

"பெரம்பலூர்ல யு.கே.ஜி. டீச்சரா எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறப்ப நான் ஏன் கண்டவங்கள கேக்கணும்? நீ இந்தச் சனிக்கிழமையே வந்து எல்லாத்தையும் பாத்துச் சொல்லிடு பிரியா. தோப்புல என்ன வைக்கலாம், மழை வந்துட்டா வூட்டுக்குள்ள என்ன வைக்கலாம்னு."

தங்கச்சி என்றுதான் சொல்வாள். உறவுமுறையில் ஓரகத்தி. சண்முகப்பிரியாவின் கணவன் கோகுலகிருஷ்ணனுக்கு அண்ணன் ராஜராஜன். அவர் மனைவிதான் அனுசுயா. மகிழினி அவர்கள் வீட்டுப் பெண். ஆனால் பெற்றவள் சண்முகப்பிரியா. இது உடையார்பாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி மகிழினி. இன்னொருத்தி, சண்முகப்பிரியாவோடு இருக்கிற மூத்தவள், ஒன்பது வயது ஜானகி.

பிள்ளையில்லாத மூத்தாருக்குத் தன் இரண்டாவது குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாளே, எந்தப் பெண்ணுக்கு அந்த மனசு வரும் என்று ஊர் இன்னும் பேசுகிறது. அதைக் கேட்கும் போதெல்லாம் சண்முகப்பிரியாவுக்குத் தலை குனிந்துவிடும். அடக்கத்தில் குனிகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நடந்தது அவளுக்குத்தான் தெரியும். மகிழினி பிறந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. குழந்தை அழுதால் எரிச்சல் வரும். எரிச்சல் வந்துவிட்டதே என்று அழுகை வரும். பிறகு பிள்ளையைத் தூக்குவதற்கே பயம் வந்துவிட்டது. பத்தியம் பார்க்க வந்த அனுசுயாவின் மடியில்தான் அது அடங்கியது. ஒருநாள் கோகுலகிருஷ்ணன் தயங்கித் தயங்கி, "இது அண்ணிகிட்டயே வளரட்டுமா?" என்று கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் இவள் "சரி" என்று சொல்லிவிட்டாள்.

குழந்தையைக் காரில் ஏற்றி அனுப்பிய அன்று அவள் விடியும் வரை தூங்கினாள். புரண்டுகூடப் படுக்காத தூக்கம். அந்தத் தூக்கத்தைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் ஜானகியோடு கிளம்பி நின்றபோது கோகுலகிருஷ்ணன் உரக்கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"நீங்களும் வரலாம்ல?"

"லோடு இறங்குது பிரியா. அடுத்த வாரந்தான் எப்படியும் வரப் போறோம்." சாவி சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவன் நின்றான். "அப்புறம்... பாப்பாவை ரொம்ப நேரம் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காத. போன தடவை அண்ணி மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அவளும் பார்த்திருந்தாள்.

அரியலூரில் பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, உடையார்பாளையத்தில் இறங்கும்போது வெயில் சுள்ளென்று இருந்தது. ஐப்பசி மாதம். இந்த வெயிலை நம்ப முடியாது.

"சித்தி வந்தாச்சு! ஜானு அக்கா வந்தாச்சு!"

மகிழினி வாசலிலிருந்தே ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சண்முகப்பிரியா குனிந்து தூக்கினாள். கழுத்தில் பவுடர் வாசனை. மூக்கு அப்படியே ஜானகியின் மூக்கு. அனுசுயா வாசலுக்கு வந்தது தெரிந்ததும் பிள்ளையை இறக்கிவிட்டாள்.

"ஏன் எறக்கிட்ட சித்தி?"

"கனமாயிட்டடா நீ. கை வலிக்குதுல்ல!"

அனுசுயா சிரித்தாள். "வா பிரியா. மொதல்ல மோரைக் குடி. உங்க மாமா நேத்துலேருந்து தோப்புல ஆளை வச்சுக் கூட்டிக்கிட்டே இருக்காரு. கல்யாணத்துக்குக்கூட இப்படிக் கூட்டலை."

வீட்டுக்குப் பின்னால்தான் முந்திரித் தோப்பு. ராஜராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிற்றில் காயப் போட்டிருந்த சாக்குகளை உருவிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. நீ சொன்னியேன்னு சாக்கெல்லாம் நல்லா அலசிப் போட்டிருக்கேன். உர வாசனை வந்தா பிள்ளைங்களுக்கு ஆகாதுல்ல?"

"ரொம்ப நல்லதுங்க மாமா. ஆனா சாக்கு ஓட்டத்தை இந்தப் பக்கம் வைக்க வேணாம். கிளையெல்லாம் தாழ்வா இருக்கு, துள்ளுற பிள்ளைங்க தலையில இடிச்சுக்கும். கிணத்துப் பக்கமும் யாரும் போகாம ஒரு கயிறு கட்டிடணும்."

வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குள் இருக்கிற டீச்சர் எழுந்துவிடுவாள். எலுமிச்சம்பழ ஓட்டத்துக்கு வரப்போரம் நேர்கோடு போதும். பெரிய பிள்ளைகளுக்கு சாக்கு. சின்னதுகள் அழாமல் இருக்க அவர்களுக்குத் தனியாக பலூன் உடைப்பது. எல்லாரும் சேர்ந்து வட்டமாக உட்கார்ந்து ஆட குலை குலையா முந்திரிக்கா.

"முந்திரித் தோப்புலயேவா!" ராஜராஜன் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வூட்டுப் பிள்ளைக்கு ஏத்த ஆட்டந்தான்."

மகிழினிக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாக்குக்குள் இறங்கி, கழுத்து வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். மூன்றாவது துள்ளலில் குப்புற விழுந்தாள்.

இரண்டு பெண்களும் ஓடினார்கள். சண்முகப்பிரியாதான் பக்கத்தில் இருந்தாள். நாலு எட்டு வைத்தால் பிள்ளை. ஆனால் பாதி தூரத்தில் காலை நிறுத்திக்கொண்டாள். அவளைத் தாண்டிக்கொண்டு அனுசுயா போய்த் தூக்கினாள், மண்ணைத் தட்டினாள், முழங்காலில் ஊதினாள். மகிழினி அனுசுயாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு சண்முகப்பிரியா கையில் இருந்த இன்னொரு சாக்கை மடித்தாள். ஓடுகிற காலை நிறுத்துவதற்குத் தனக்கு எவ்வளவு நன்றாகப் பழகிவிட்டது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அன்றைக்கும் இப்படித்தானே காரின் பக்கத்தில் நின்றாள்.

மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோப்பை மழை மறைத்துவிட்டது.

"நல்லதாப் போச்சு," என்றாள் அனுசுயா. "அன்னிக்கும் இதே மாதிரி கொட்டுச்சுன்னா என்ன பண்றதுன்னு இப்பவே பாத்துடலாம். சொல்லு, வூட்டுக்குள்ள என்னென்ன வைக்கலாம்?"

பக்கத்து வீட்டுப் பூங்காவனமும் மழைக்கு ஒதுங்கியவள் போல வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள். எந்த வீட்டில் என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சண்முகப்பிரியா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாட்டுப் போட்டு நாற்காலி சுற்றுவது. பந்தைக் கை மாற்றிவிடுவது. தட்டில் பொருள்களை வைத்து மூடி, என்னென்ன இருந்தது என்று கேட்பது.

"இதெல்லாம் எல்லா வூட்டுலயும் வைக்கிறதுதானே? புதுசா ஒண்ணு சொல்லேன். உங்க ஸ்கூல்ல என்ன வைப்பீங்க?"

"ஸ்கூல்லயா? அம்மாங்கள்லாம் வர்ற அன்னிக்கு ஒண்ணு வைப்போம்க்கா. பிள்ளைங்க கண்ணைக் கட்டி விட்டுடுவோம். அம்மாங்க வரிசையா கையை நீட்டிக்கிட்டு நிப்பாங்க, பேசக் கூடாது. பிள்ளை ஒவ்வொரு கையா தொட்டுப் பாத்து அவங்க அம்மா கை எதுன்னு..."

பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொல்லியாயிற்று.

ஏன் சொன்னோம்? தட்டுப் பொருள் விளையாட்டுக்குப் பிறகு காகிதத் தொப்பி செய்வது இருந்தது, நிறம் கண்டுபிடிப்பது இருந்தது. இத்தனை இருக்க, இது எப்படி வாயில் வந்தது? தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்ல அவளால் முடியவில்லை. உள்ளே எங்கேயோ ஒரு ஆசை உட்கார்ந்துகொண்டு சந்தர்ப்பம் பார்த்திருக்கிறது.

"அது வேணாம்க்கா. இவ்வளவு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நேரமாகும்."

அனுசுயா கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். "இல்ல, இதான் வைக்கணும். மகிழு, இங்க வா. ஒரு தடவை ஆடிப் பாத்துடலாம்."

"அக்கா, வேணாம்."

"ஏன் பிரியா? பிள்ளைக்குப் பயிற்சி வேணாமா?" அனுசுயாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண் அப்படி இல்லை.

ஜானகிதான் துண்டால் மகிழினியின் கண்ணைக் கட்டினாள். வளையல், மோதிரம் எல்லாம் கழற்றப்பட்டன. முதலில் பூங்காவனம், அடுத்து சண்முகப்பிரியா, கடைசியில் அனுசுயா. மூன்று கைகள் நீண்டன.

மகிழினி தடவிக்கொண்டே வந்தாள். பூங்காவனத்தின் கையைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தாள். "இது இல்ல. வெத்தலை வாசம்."

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து அந்தச் சின்னக் கை சண்முகப்பிரியாவின் கைக்குள் வந்து உட்கார்ந்தது.

சூடாக இருந்தது. சாக்கோடு விழுந்ததில் ஏற்பட்ட சிராய்ப்பு உள்ளங்கையில் சொரசொரத்தது. சும்மா நிற்க வேண்டும், கட்டை மாதிரி நிற்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் ஆள்காட்டி விரல் பிள்ளையின் உள்ளங்கையில் மெதுவாக ஒரு வட்டம் போட்டது. வரும்போதெல்லாம் கிச்சுக்கிச்சு மூட்டுவதற்காக அவள் போடுகிற வட்டம். இருவருக்கும் மட்டுமே தெரிந்த வட்டம்.

மகிழினி அசையாமல் நின்றாள்.

"பெத்த கைக்கும் வளத்த கைக்கும் போட்டி வச்சிட்டாளே அனுசுயா," என்று பூங்காவனம் தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். மழைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். துண்டு முடிச்சைப் பிடித்தபடி அவள் பக்கத்தில்தான் ஜானகி நின்றிருந்தாள்.

மகிழினி களுக்கென்று சிரித்தாள்.

"சித்தி! நீ ஏமாத்துற!"

கையை உருவிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்த கையை இரண்டு கையாலும் பிடித்தாள், கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இதான் எங்கம்மா. எங்கம்மா கை எப்பவும் ஈரமா இருக்கும்."

அனுசுயா துண்டை அவிழ்க்காமலேயே பிள்ளையை அள்ளிக்கொண்டாள். பூங்காவனம் கை தட்டினாள். சண்முகப்பிரியாவும் தட்டினாள். தட்டும்போது அந்த விரல் மட்டும் தனியாகச் சுட்டது.

சமையலறையில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பூங்காவனம் போய்விட்டாள். பிள்ளைகள் இரண்டும் உள் அறையில் இருந்தன.

"பாத்தேன் பிரியா," என்றாள் அனுசுயா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

எதை என்று சண்முகப்பிரியா கேட்கவில்லை. "மன்னிச்சுடுங்கக்கா."

"நீ என்ன கேக்குற மன்னிப்பு? வேணாம்னு நீ ரெண்டு தடவை சொன்ன. நான்தான் வீம்புக்கு நிக்க வச்சேன்." அனுசுயா டீயை வடிகட்டினாள். "அஞ்சு வருசமா எனக்கு இதே வேலை. காய்ச்சல் வந்தா அவ 'அம்மா'ன்னு முனகுறப்ப, யாரைக் கூப்பிடுறான்னு நினைச்சுக்கிட்டே நெத்தியில துணி போடுவேன். இன்னிக்கு ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டா போதும்னு இருந்துச்சு. உன்னைப் பக்கத்துல நிக்க வச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன் பாரு, அதுதான் பாவம்."

"அவ உங்க பிள்ளைதான்க்கா."

"தெரியும். தெரிஞ்சும் பயமா இருக்கு."

சண்முகப்பிரியா சொல்ல நினைத்தாள். ஊர் சொல்கிற மாதிரி நான் ஒன்றையும் விட்டுக் கொடுக்கவில்லை அக்கா, பாரம் இறங்கியது என்று தூங்கினேன். ஆனால் அதைச் சொன்னால் இந்த வீட்டின் சந்தோஷம் எதன் மேல் நிற்கிறது என்று அனுசுயாவுக்கும் தெரிந்துவிடும். டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

"அன்னிக்கு நான் வரிசையில நிக்கலைக்கா. பாட்டுப் போடுறதப் பாத்துக்கறேன்."

"இல்ல. நீ நிக்கணும்." அனுசுயா இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ நிக்கலைன்னா ஊரு ஒண்ணு பேசும், எனக்கும் மனசு கேக்காது. நில்லு. ஆனா விரலை ஆட்டாம நில்லு."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "சரிக்கா," என்றாள்.

மழை விட்டதும் அவர்களை பஸ் ஏற்றிவிட ராஜராஜன் வண்டியை எடுத்தார். கிளம்பும்போது மகிழினி எப்போதும் போல ஓடி வந்து முத்தம் கொடுக்கவில்லை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சண்முகப்பிரியா கூப்பிட்டதும் வந்தாள். சித்தியின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை உற்றுப் பார்த்தாள்.

"என்னடா பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சண்முகப்பிரியா வண்டியில் ஏறினாள்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ் நின்றது. டிரைவர் இன்னும் ஏறவில்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்த ஜானகி, அம்மா வாங்கிக் கொடுத்த கடலை மிட்டாயைப் பிரிக்காமலே வைத்திருந்தாள்.

"என்னடி, வயிறு வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"மகிழு கூட சண்டையா?"

"அம்மா, மகிழு குட்டிப் பாப்பாவா இருந்தப்ப நம்ம வூட்டுலதானே இருந்தா?"

வெளியே யாரோ ஜெயங்கொண்டம், ஜெயங்கொண்டம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கு. நீங்க அழுதுகிட்டே இருப்பீங்க. பெரியம்மா பாப்பாவை மடியில வச்சிருப்பாங்க. நான் தொட்டிலை ஆட்டுவேன். அது கனவுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குப் பூங்காவனம் அத்தை சொன்னதைக் கேட்டதும் கனவில்லைன்னு தெரிஞ்சுது." ஜானகி எச்சிலை விழுங்கினாள். "நீங்க டீ போடுறப்ப நான் மகிழுகிட்ட சொல்லிட்டேன்மா."

"என்னன்னு சொன்ன?"

"நீ என் சொந்தத் தங்கச்சின்னு. எங்கம்மாதான் உன்னைப் பெத்தாங்கன்னு."

"அவ என்ன சொன்னா?"

"பொய்னு சொன்னா. அம்மாகிட்டயே கேக்குறேன்னு எந்திரிச்சா. எனக்குப் பயமாயிடுச்சு. இப்பக் கேக்காத, நாங்க பஸ் ஏறினப்புறம் கேளுன்னு சொன்னேன். சரின்னா."

தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. உள்ளங்கையை உற்றுப் பார்த்த பிள்ளை. வாக்குக் கொடுத்தபடி ஐந்து வயசுப் பிள்ளை இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

ஜானகியின் உதடு கோணியது. "நான் தப்புப் பண்ணிட்டேனாம்மா? பெரியம்மா இனிமே நம்மள வர விட மாட்டாங்களா?"

அந்த முகத்தைச் சண்முகப்பிரியா பார்த்தாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். கண்ணாடியில் ஐந்து வருஷமாகப் பார்த்து வருகிற முகம். வாயை மூடு, யாரிடமும் சொல்லாதே என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பிள்ளையும் அதைத் தூக்கிக்கொண்டு காலம் முழுக்க நடக்கும்.

மகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"இல்ல கண்ணு. நீ உள்ளதைத்தான் சொன்ன. அதுல தப்பு இருந்தா அது பெரியவங்க எங்களோடது. உன்னோடது இல்ல. அழாத."

"நெசமாவா?"

"நெசமா."

ஜானகி இப்போதுதான் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். டிரைவர் ஏறி இன்ஜினை முடுக்கினார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது.

மடியில் இருந்த பையும் அதிர்ந்தது. பஸ்ஸின் அதிர்வு என்று நினைத்தாள். இல்லை, போன்.

அனுசுயா அக்கா.

ஒரு முறை அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. இறங்கி ஓடிவிடலாமா, எடுக்காமலே பெரம்பலூர் போய்ச் சேர்ந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஜானகி அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா, சொல்லுங்க."

அந்தப் பக்கம் அனுசுயா பேசவில்லை. யாருமே பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

சின்ன மூச்சு.